அறுபத்தொன்றாம் தலைமுறை

ஒன்பதாவதும் ஆடு மாதிரியேதான் கத்துகிறது. எட்டு விநாடி ஆடு, கடைசியில் ஒரு சின்ன இருமல், அப்புறம் திரையில் அந்தக் கட்டம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது, மார்க் போடு, மார்க் போடு, பத்துக்கு எத்தனை, சொல்லித் தொலை. எனக்குத் தெரிந்தால்தானே சொல்லித் தொலைக்க. ஹெட்போனில் இடது பக்கம் செத்து இரண்டு வருஷமாகிறது. வலது காதில் மெட்டு, இடது காதில் கம்ப்யூட்டர் லேபின் ஃபேன், டக்கு டக்கு டக்கு. அந்த ஃபேனுக்கு மார்க் போடச் சொன்னால்கூடப் போட்டுவிடுவேன், நாலு, தாளம் சுத்தம், கற்பனை பத்தாது. ஒன்பதுக்கு ஐந்து போட்டேன். ஐந்து என்பது மார்க்கே இல்லை, ஒளிந்துகொள்கிற இடம். இன்றைக்கு இதுவரை போட்ட ஒன்பதில் ஆறு, ஐந்துதான். பக்கத்து நாற்காலியில் தௌஃபீக் கீபோர்டை விரலால் தட்டவில்லை, குத்துகிறான். அவன் கீபோர்டுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம் எட்டிப்பார்க்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், டாய்லெட் போவதாகச் சொல்லிவிட்டு அவன் போன நேரத்தில் பிரித்துப் படித்துவிட்டேன், மதிப்பிற்குரிய ஐயா, மாவட்ட அறிவியல் கண்காட்சிப் பட்டியலிலிருந்து எங்கள் பெயர்களை நீக்கிவிடுமாறு. எங்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என்னையும் சேர்த்து மரியாதையாக நீக்கியிருக்கிறான். மூன்றரைக்கு பிசிக்ஸ் தங்கமுத்து சார் பட்டியலை வாங்க வருவார், அதற்குள் இந்தத் தலைமுறையின் மார்க் கோடு ஏறினால் காகிதம் கிழியும், இறங்கினால் சார் கைக்குப் போகும். இன்றைக்கு மட்டும் மதியப் பீரியடெல்லாம் எங்களுக்கு விட்டிருக்கிறார்கள், இப்போது மணி இரண்டேகால். பத்தாவது மெட்டு. ஆடு.

பாட்டுப் போடுகிற புரோகிராம் என்று முதல் நாள் அவன் சொன்னபோது நான் ஏதோ பெரிதாக நினைத்துக்கொண்டேன். அது பாட்டுப் போடாது, குட்டி போடும். முதலில் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது மெட்டுத் துண்டு கிறுக்கும். ஒரு மனுஷ ஜென்மம் உட்கார்ந்து நாற்பதையும் கேட்டு மார்க் போட வேண்டும். நல்ல மார்க் வாங்கியதெல்லாம் அப்பா அம்மா ஆகும், மட்டமானது செத்துப்போகும். இதன் தலையும் அதன் வாலுமாகச் சேர்த்துப் புதிதாக நாற்பது குட்டி, அது ஒரு தலைமுறை. குட்டியில் அங்கங்கே ஒரு சுரம் தானாகப் பிசகும், அந்தப் பிசகில்தான் புதுசு பிறக்கும் என்று சார்ட்டில் பச்சை ஸ்கெட்ச்சில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறான். ஜுவாலஜி மிஸ் பரிணாமம் நடத்தியபோது நான் மிஸ்ஸின் தும்மலைப் பழகிக்கொண்டிருந்தேன், இவன் இதை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஸ்கூல் மணி எரிந்துபோய் ஆறு மாசம், வாட்ச்மேன் விசிலடித்துத்தான் பீரியட் முடிகிறது, கடைசியில் ஜெயிக்கிற மெட்டை ஸ்பீக்கரில் போட்டு மணியாக வைத்துக்கொள்ளலாம் என்று எஸ்தர் மேடமே சொல்லிவிட்டார். ஹெச்.எம். சொன்னால் சொன்னதுதான். மார்க் போடுகிற ஜென்மம் நான். ஏண்டா நானு என்றேன். “நீ ஒரு தடவை கேட்டா அப்படியே பேசற மோனா. உன் காது மாதிரி காது இந்த ஸ்கூல்லயே இல்ல.” எனக்கு உச்சி கொஞ்சம் குளிர்ந்துவிட்டது. சார்ட்டின் தலைப்பைப் படித்தபோது இன்னும் குளிர்ந்தது, ‘ஒரே காதின் ரசனையில் வளரும் இசை’, கீழே, கேட்பவர்: ஆர். மோகனப்ரியா, பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவு. என் பெயர் சஸ்பென்ஷன் ஆர்டர் தவிர வேறு எதிலும் அவ்வளவு பெரிய எழுத்தில் வந்ததில்லை. பதினொன்று. ஆடு, ஆனால் கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த ஆடு. ஐந்து.

முதல் நாள் உட்கார்ந்தேனா, முதல் மெட்டு வந்ததா, கட்டம் கண்ணைச் சிமிட்டியதா, எனக்குள்ளே ஒன்றும் வரவில்லை. பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று உள்ளே கேட்டால் உள்ளே காலி கிளாஸ்ரூம் மாதிரி இருந்தது, பெஞ்சு மட்டும் வரிசையாக. அப்போது விளையாட்டுக்குத்தான், சத்தியமாக விளையாட்டுக்குத்தான், எஸ்தர் மேடமாக மாறிப் பார்த்தேன். “கொஞ்சம் ஒழுங்கா, கட்டுக்கோப்பா இருக்கணும், புரியுதாம்மா? இது என்ன தாவுது குதிக்குது? மூணு.” மார்க் கடகடவென்று வந்தது. நாற்பதும் ஆறு நிமிஷத்தில் முடிந்தது. தௌஃபீக் வாயைப் பிளந்தான், “இவ்ளோ வேகமா முடிவு எடுக்கறயே!” அடுத்த நாள் தங்கமுத்து சார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “என்னுங்க இது, மெட்டுங்களா மோட்டாருங்களா? ரெண்டு போடுங்க போதும்.” அடுத்த நாள் கேன்டீன் பாப்பாத்தி அக்கா, “ஏங்கண்ணு, இதென்ன இந்த இழுவ இழுக்குது, சட்டுனு முடியோணும், பன்னு ஆறிப்போவுது பாரு.” அடுத்த நாள் ஸ்கூல் பஸ் செல்லப்பன் அண்ணன், அவருக்கு ஹார்ன் மாதிரி எது வந்தாலும் எட்டு. அதற்கடுத்த நாள் ஃபர்ஸ்ட் ரேங்க் அகிலா, மூக்கால், “பட் மிஸ், இது சிலபஸ்லயே இல்லையே மிஸ்.” மனசுக்குள்தான் எல்லாம், வெளியே ஒரு சத்தம் வராது, உதடு மட்டும் லேசாக ஆடும், அதைப் பார்த்து அவன் நான் சுரம் எண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். மதிய இடைவேளைக்கு மூன்று தலைமுறை, ஒரு நாளைக்கு ஒரு ஆள், இருபது நாள், அறுபது தலைமுறை. யார் எந்த நாள் என்று கெமிஸ்ட்ரி ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்தேன், ஒரே ஆள் இரண்டு நாள் சேர்ந்து வந்துவிடக் கூடாதே, விளையாட்டுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா. பன்னிரண்டு, பதிமூன்று. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஐந்து, ஐந்து.

“என்ன, இன்னிக்கு இவ்ளோ நேரம் எடுத்துக்கற?” என்கிறான் திரும்பாமலே. “யோசிக்கறேன்டா.” “நல்லா யோசி” என்கிறான், அதில் கிண்டலே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை, கிண்டல் இருந்தால் நான் நாலு கிண்டல் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவன் திரையில் அந்தக் கோடு தெரிகிறது. மார்க் சராசரியைத் தலைமுறை வாரியாக இழுத்த கோடு. மூன்று படி ஏறுகிறது, பொத்தென்று விழுகிறது, மறுபடி மூன்று படி, மறுபடி பொத்து. ரம்பம் மாதிரி இருபது பல். ஒரே ஆள், ஒரே ரசனை என்றால் கோடு மெதுவாக மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம். இவனுடைய அத்தா தையல் மிஷின் மெக்கானிக், எங்கே பழுது என்று கண்டுபிடிக்காமல் சோறு இறங்காத குடும்பம். மூன்று தலைமுறைக்கு ஒரு தடவை விழுகிறது, அப்படியென்றால் நாள் மாறும்போது விழுகிறது, அப்படியென்றால் ஃபைலை மூடித் திறப்பதில்தான் கோளாறு, இப்படிப் போயிருக்கிறது அவன் புத்தி, ரொம்பச் சரியாகத் தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பென்டிரைவை மாற்றினான். சேவ் பண்ணுகிற பகுதியை மூன்று தடவை அழித்து எழுதினான். லேப் யூ.பி.எஸ். சரியில்லை, மாற்றித் தாருங்கள் என்று தங்கமுத்து சாரிடம் போய், “ஆடத் தெரியாம மேடைய குத்தம் சொல்றீங்களா தம்பி” என்று ஸ்டாஃப் ரூமே சிரிக்கத் திட்டு வாங்கி வந்தான். அன்றைக்கு நான் என்ன செய்தேன்? சார் திட்டியதை அப்படியே மூக்குறிஞ்சலோடு கேன்டீனில் நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கையில் பன்னை வைத்துக்கொண்டு, கடிக்காமல், சிரித்தான். எனக்கு ஏன் அந்தப் பன் ஞாபகம் வருகிறது, பதினாலாவது மெட்டு ஓடி முடிந்தேவிட்டது, கேட்கவே இல்லை, மறுபடி போட வேண்டும், ஐயோ.

சரி, சுலபமான வழி ஒன்று இருக்கிறது, நாற்பதுக்கும் ஒன்பது, பத்து என்று அள்ளிப் போட்டால் கோடு ராக்கெட் மாதிரி ஏறும், காகிதம் கிழியும், தௌஃபீக் குதிப்பான், நான் தப்பித்தேன். இதைவிடப் பெரிய குறும்பெல்லாம் செய்தவள்தானே நான். போன வருஷம் ஆபீஸ் ரூம் மைக்கில் எஸ்தர் மேடம் குரலில் இன்று அரைநாள் விடுமுறை, அமைதியாகக் கலைந்து செல்லவும், புரியுதாம்மா என்று நான் சொன்னதில் எட்டாம் வகுப்பு முழுக்க கேட் வரைக்கும் போய்விட்டது, இரண்டு டீச்சர்கள்கூட ஹேண்ட்பேக்கோடு போய்விட்டார்கள். பத்து. பதினாலுக்குப் பத்து. விரல் எண்டர் மேல் இருக்கிறது. அழுத்த வேண்டியதுதான். மாவட்டத்தில் நடுவர் ஒருத்தர் வருவார், எங்கே, கேட்கிற பெண்ணைக் கூப்பிடு, என் முன்னால் உட்கார்ந்து மார்க் போடட்டும் என்பார், அங்கே என்ன போடுவாய், அந்த நடுவரின் குரலிலா? அம்மா நினைப்பு வேறு வருகிறது, இந்த நேரத்தில் அம்மா எதற்கு. அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங், ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு பீஸ் பீஸாகத் திருப்பி ஓட்டை, கறை, தையல் விட்டது பார்க்கிற வேலை. மூன்று மணிக்கு மேலே கண்ணு பொய் சொல்லும் அம்மிணி, நல்லதெல்லாம் ஓட்டையாத் தெரியும், ஓட்டையெல்லாம் நல்லதாத் தெரியும் என்பாள். ஒவ்வொரு பீஸிலும் பார்த்தவளின் நம்பர் ஸ்டிக்கர் போகும், அம்மா பதினாலு. கப்பல் ஏறி எந்த ஊருக்கோ போய்த் திரும்பி வந்தாலும் ஓட்டை பதினாலாம் நம்பரைத் தேடிக்கொண்டு வரும். பதினாலாவது மெட்டில் வந்து இதுவா ஞாபகம் வர வேண்டும். என் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு இருபது நாளாக வேறு ஏழு பேர் செக்கிங் பார்த்திருக்கிறார்கள். பத்தை அழித்தேன். ஐந்து. ச்சே.

மைக் விஷயத்தில் அம்மாவைக் கூப்பிட்டு விட்டார்கள். அம்மா கம்பெனியில் பெர்மிஷன் போட்டுவிட்டு நூல் ஒட்டிய சுடிதாரோடு வந்து நின்றாள். எஸ்தர் மேடம் சத்தம் போடவில்லை. “மன்னிப்பு கேளு” என்றார். தலையைக் குனிந்து, தெரியாமப் பண்ணிட்டேன், இனிமே பண்ண மாட்டேன் மேடம் என்றேன், குரல் நடுங்க, அழுகை தொண்டையில் நிற்க, ரொம்ப நன்றாக வந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், “இது யாரு குரல்?” அது அகிலா குரல். ரேங்க் கார்டில் ஒரு மார்க் குறைந்த நாளில் அகிலா பேசுகிற குரல். நான் வேண்டுமென்று செய்யவில்லை, அது தானாக வந்தது, அதுதான் பயம், வேண்டுமென்று செய்தால் குறும்பு, தானாக வந்தால் அதற்கு என்ன பெயர்? வீட்டுக்குப் போகிற வழியில் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் திரும்பிக்கொண்டு மோகனப்ரியா, மோகனப்ரியா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், முதல் தடவை மேடம் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி இருந்தது, இரண்டாவது தடவை அம்மா கூப்பிடுவது மாதிரி, அப்புறம் நிறுத்திவிட்டேன், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பதினைந்து ஓடுகிறது. கேள், ஒழுங்காகக் கேள், யாரும் வராதீர்கள். “என்னுங்க அம்மிணி, இன்னும் பதினஞ்சுதானுங்களா?” சார், வெளியே போங்கள். “ஏங்கண்ணு, காபி ஆறுது.” அக்கா, ப்ளீஸ். “பாம் பாம்!” செல்லப்பண்ணா, இறங்குங்கள், இது பஸ் இல்லை. எல்லோரையும் தள்ளிக் கதவைச் சாத்தினால் மறுபடி அந்தக் காலி கிளாஸ்ரூம். இந்த ஆட்டை ஒருவேளை ஆடு என்று சொல்வதே நான் இல்லையோ, யாராவது ஒருத்தர் சொல்லி நான் பிடித்துக்கொண்டதோ. தலை வலிக்கிறது. பதினாறும் முடிந்தது. ஐந்து என்று போட்டுவிட்டு எண்டரை அழுத்திய சத்தம் எனக்கே எரிச்சலாக இருந்தது.

“மோனா,” என்றான் தௌஃபீக், “பதினாறுல சராசரி அஞ்சு. நேத்து முடிஞ்சப்ப ஏழரை. மறுபடி விழுந்துடுச்சு.” சொல்லிவிட்டுக் கீபோர்டுக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்து மடிப்பை நீவிவிட்டான். “பரவால்ல விடு. நான் எழுதினதுல எங்கயோ அடியிலயே ஓட்டை இருக்கு. எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. உன் நேரத்தையும் வீணாக்கிட்டேன்.” சாரி என்றும் சொன்னான். என்னிடம். அவன். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம், அவன் மேல்தான், இவ்வளவு நல்லவனாக இருந்தால் எதிரே இருக்கிறவள் என்னதான் செய்வாள்? ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டேன். “ஓட்டை உன் புரோகிராம்ல இல்லடா லூசு.” பையிலிருந்து கெமிஸ்ட்ரி ரெக்கார்டை எடுத்தேன், கடைசிப் பக்கத்தைத் திறந்து அவன் கீபோர்டு மேல் வைத்தேன், தேதி, பக்கத்தில் பெயர், தேதி, பக்கத்தில் பெயர், எஸ்தர், தங்கமுத்து, பாப்பாத்தி அக்கா, செல்லப்பன், அகிலா, வாட்ச்மேன், ஜுவாலஜி, மறுபடி எஸ்தர். “என்ன இது?” “மார்க் போட்டவங்க.” “யாருக்கு?” “உன் ஆட்டுக்குட்டிங்களுக்கு. நான் போடல. அவங்க மாதிரி போட்டேன். ஒரு நாளைக்கு ஒருத்தர்.” அவன் படித்தான். திரும்பப் படித்தான். காது சிவந்தது. “மூணு வாரம்,” என்றான். “பென்டிரைவ மாத்தினேன். ஸ்டாஃப் ரூம்ல நின்னு… நீ அதையும் கேன்டீன்ல…” நான் ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிப்பு வாய் வரைக்கும் வந்தது, நடுங்குகிற குரலோடு, அழுகை தொண்டையில் நிற்க, ரொம்ப நன்றாக. அகிலா. வாயை மூடிக்கொண்டேன்.

அவன் பென்சிலை எடுத்தான். ரெக்கார்டு தேதியையும் திரையில் இருக்கிற ரம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. மேடம் நாள், மூன்று புள்ளி, ஏறுகிறது. சார் நாள், மூன்று புள்ளி, ஏறுகிறது. “விழறது எல்லாம் ஆள் மாறின நாள்,” என்றான் தனக்குத்தானே. “ஒருத்தர் உக்காந்தா ஏறுது. எல்லா நாளும் ஏறுது. ஒரு நாள்கூடத் தப்பல.” முகத்தில் கோபமும் இருந்தது, அதை முட்டித் தள்ளிக்கொண்டு வேறு ஒன்றும் வந்தது, அத்தா கடையில் மிஷினில் சிக்கிய நூல் வெளியே வரும்போது வருகிற முகம் அது. “செல்லப்பண்ணனுக்கு ஏழு புள்ளி எட்டு வரைக்கும் போயிருக்கு.” “ஹார்னுடா,” என்றேன். அவன் சிரிக்கவில்லை. மணி பார்த்தான், இரண்டு ஐம்பது. சார்ட்டைப் பார்த்தான், ஒரே காதின் ரசனையில் என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினான். “இன்னிக்குப் பதினாறு போட்டிருக்கியே. இன்னிக்கு யாரு?” நேராகக் கேட்டான், எஸ்தர் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டது போல. யாருமில்லை என்றேன். என் குரல் கொஞ்சம் கட்டையாக, பாதியில் உடைந்து, கேட்கவே சகிக்காமல் இருந்தது, அப்படி ஒரு குரலை யாரிடமிருந்தும் நான் எடுத்ததில்லை. “யாருமில்லன்னா அஞ்சு அஞ்சா வருது,” என்றான். “சார் வர்றதுக்குள்ள ஒரு தலைமுறை, ஒரே ஒரு தலைமுறை, நீ போடு. யார் காதுல கேட்டா எப்படி ஏறுதுங்கற இந்த லிஸ்ட்டையும், உன்னோடதையும் சேத்து சார்கிட்டக் குடுக்கறேன். அது வரலன்னா இந்த லெட்டர்தான்.” கை நீட்டி ஒரு பட்டனை அழுத்தினான். திரையில் பதினாறு மார்க்கும் அழிந்தது. மெட்டு ஒன்று, நாற்பதில். “உன்ன நான் இன்னும் மன்னிக்கல,” என்றான், ஹெட்போனை என் கையில் கொடுத்தபடி.

மறுபடி முதலிலிருந்து. நாற்பது ஆடு. கடவுளே. ஒன்று, வள்ளென்று வந்து வள்ளென்று போனது, பிடிக்கவில்லை, மூன்று. இரண்டு, நாலு. மூன்றாவதுக்கு மேடம் கதவைத் தட்டினார், புரியுதாம்மா என்றார், திறக்கவில்லை, காத்திருந்தேன், எட்டு விநாடி போனதும் மறுபடி போட்டுக் கேட்டேன், இரண்டு. ஐந்து மட்டும் கிடையாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன், கால் வலிக்கிற மாதிரி இருந்தது, உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன், ஆனாலும் வலித்தது. ஏழாவது, எட்டாவதும் போயாயிற்று. மணி இரண்டு ஐம்பத்தாறு. ஒன்பதாவது வந்தது. ஆடு, ஆடு, ஆடு, கடைசியில் அந்த இருமல், எங்கேயும் ஒட்டாமல் தனியாக ஒரு சுரம், பிசகித்தான் விழுந்திருக்கிறது. மேடம் இதற்கு ஒன்று போடுவார், ஒழுங்கு இல்லை. சார் மூக்கை உறிஞ்சுவார். பாப்பாத்தி அக்காவுக்கு இழுவை, செல்லப்பன் அண்ணனுக்கு ஹார்ன் பத்தாது, அகிலாவுக்கு சிலபஸில் இல்லை. தௌஃபீக்குக்கே பிடிக்காது, ஹெட்போனிலிருந்து கசிந்ததைக் கேட்டுப் பக்கத்தில் அவன் முகம் சுளித்ததைப் பார்த்தேன். ஒருத்தருக்கும் பிடிக்காது. எனக்கு அந்த இருமல் இன்னொரு தடவை வந்தால் தேவலை என்றிருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மறுபடி போட்டேன், வந்தது, உதடு அசைகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன், அசையவில்லை. ஏழு போட்டேன். கட்டம் கண்ணைச் சிமிட்டியது. இன்னும் முப்பத்தொன்று இருக்கிறது, சனியன்கள்.